கண்மூடி இசக்கி

வரட்டும். வந்ததும் சொல்லிர வேண்டியதுதான். ஏட்டி மாரிச்செல்வி, இந்த மரத்துல சாமியும் இல்ல பூதமும் இல்ல, சுத்தியிருக்கது என் கடைத் துணி, பிளவுஸுக்கு உள்ள வச்சுத் தைக்க லைனிங் துணி, நாந்தான் கொண்டாந்து கட்டுனேன்னு மூஞ்சிக்கு நேரா சொல்லிரணும். இதுல என்ன பயம்? நான் என்ன கொலையா செஞ்சேன்? கொலையத் தடுக்கத்தான கட்டுனேன். கடை ஷட்டர பாதி எறக்கிப் போட்டுட்டு, கழுத்துல கெடக்க டேப்பக்கூட எடுக்காம, ரோட்டத் தாண்டிப் பூங்காவுக்குள்ள வந்து இந்த சிமெண்டு பெஞ்சுல உக்காந்திருக்கேன். பாக்கவங்க டெய்லர் பியூலாவுக்குக் கோட்டி புடிச்சிட்டுன்னுதான் சொல்லுவாங்க. சொல்லட்டும். காலையில கடை வாசல்ல நின்னு சிரிச்சுக்கிட்டே சொல்லிட்டுப் போறா மாரிச்செல்வி, "யக்கா, இன்னைக்குச் சாயங்காலம் அம்மனுக்கு ஒரு மூட்டை உப்பு கொட்டுதேன், எம்புள்ளைக்குப் பேச்சு வரணும்னு நேந்துக்கிட்டேன், நீங்களும் வாங்கக்கா"ன்னு. ஒரு மூட்டை! கைப்பிடி கைப்பிடியாக் கொட்டுனதுக்கே எல ஓரமெல்லாம் கருகிக் கெடக்கு. ஐப்பசி மாசம், மேக்க மேகம் வேற கூடி நிக்கி. மூட்டையக் கவுத்து அதுக்கு மேல மழையும் பெஞ்சா அம்புட்டும் கரைஞ்சு வேருக்குத்தான் எறங்கும். பொறவு இந்த மரத்த யாராலயும் பொழைக்க வைக்க முடியாது. அதான் வந்து உக்காந்திருக்கேன். வரட்டும் அவ.

தூங்குமூஞ்சி மரம் இது. கம்பி வேலி ஓரமா வரிசையா அஞ்சு நின்னுச்சு. மத்த நாலும் இப்பவும் நிக்கிதான், ஆனா பொணமா நிக்கி. எல ஒண்ணு கெடையாது, பட்டை உரிஞ்சு, காக்காகூட உக்காராது. தானாவா பட்டுப்போச்சு? பூங்காவுக்குப் பொறத்தால புதுசா எழும்புன மாடியில விளம்பரப் பலகை வச்சானுவ, வீட்டு ஒசரத்துக்கு. அதுல ஒரு பொம்பள கழுத்து நெறையச் சங்கிலி போட்டுக்கிட்டுப் பல்லக் காட்டுதா. அந்தச் சங்கிலி ரோட்டுல போறவன் கண்ணுக்குத் தெரியணும், மரம் மறைக்கி. வெட்டுனா கேள்வி வரும், தானா செத்தா எவன் கேப்பான்? அடிமரத்துல துளை போட்டுப் பெருங்காயத்த வச்சு அடைச்சா மரம் செத்துரும்னு எங்க பக்கம் ஒரு பேச்சு உண்டு. அதையும் வச்சானுவ, பத்தாதுக்குக் கக்கூஸ் கழுவுத ஆசிட்டையும் ஊத்துனானுவ. மொத மரம் கருகத் தொடங்குனப்போ கிட்டப் போய்ப் பாத்தேன், பெருங்காய வாசம் குப்புன்னு அடிச்சிது. அன்னையில இருந்து எங்க வீட்டு ரசத்துல பெருங்காயம் கெடையாது. "என்னட்டி, ரசம் சப்புன்னு இருக்கு"ன்னு எங்க வீட்டு ஆளு ஜெபராஜ் கேக்காக. அந்த வாசம் வந்தா எனக்கு செத்த மரம் ஞாபகம் வருதுன்னு சோத்துக்கு முன்னால உக்காந்துகிட்டுச் சொல்லவா முடியும்? புளி சரியில்லன்னுட்டேன். அதிகாரிங்களுக்கு மனு குடுத்தேன். உடனே ஆள் வந்தாங்கய்யா, அதையும் சொல்லணும், ஜீப்புல வந்தாங்க. 'மரங்களைக் காப்போம்'னு எழுதுன தகரப் பலகைய மிச்சம் நின்ன ஒத்த மரத்துல வச்சு, வெரல் நீளத்துக்கு ஆணி, நாலு மூலையிலயும் அடிச்சு எறக்கிட்டுப் போனாங்க. மரம் ஆணித் தொளையில பிசின் வடிச்சுக்கிட்டு நின்னுது. வாட்ச்மேன் பேச்சிமுத்துகிட்ட போயிச் சண்டை போட்டா அவன், "யம்மா, எனக்கு கேட்டப் பூட்டத்தான் சம்பளம், மரத்துக்குக் காவலிருக்க இல்ல"ங்கான். அவனச் சொல்லியும் குத்தமில்ல.

அப்பதான் அந்தப் புத்தி வந்துது. நல்ல புத்தியா கெட்ட புத்தியா, அது கர்த்தருக்குத்தான் தெரியும். நாலு வழிச் சாலை போட்டப்போ எத்தன மரத்தச் சாச்சானுவ, ஒரு வேம்ப மட்டும் தொடாம ரோட்டையே வளைச்சுக் கொண்டு போனானுவ. ஏன்? மஞ்சத்துணி கட்டியிருந்துது. போலீசுக்குப் பயப்படாதவன், கோர்ட்டுக்குப் பயப்படாதவன், ஒரு முழம் மஞ்சத்துணிக்குப் பயப்படுதான். சரி, அப்போ கட்டிற வேண்டியதுதான! என்கிட்ட இல்லாத மஞ்சத்துணியா? ஜெபராஜ் கேட்டுட்டுத் தலையில அடிச்சிக்கிட்டாக. "ஏட்டி, சர்ச்சுல பெண்கள் ஐக்கியத்துக்கு நீ செயலாளரு, ஒனக்கு எதுக்கு இந்த வேலை?" மரத்துக்கு மதம் உண்டான்னு கேட்டேன். துணிக்கு உண்டுன்னாக. அவுக சொன்னதும் சரிதான். குங்குமம் வாங்க டவுனுக்குப் போயி, மொகந்தெரியாத கடையாப் பாத்து நுழைஞ்சேன். கடைக்காரர் என் வெறும் நெத்தியப் பாத்தாரு, பொறவு, "தாழம்பூ குங்குமமாம்மா, சாதாவா?"ன்னாரு. எனக்கென்ன தெரியும்? மரத்துக்குன்னு வாய் வரைக்கும் வந்துட்டு. சாதான்னேன். நடக்க வரவங்க வாரதுக்கு முன்ன, பலபலன்னு விடியுத நேரத்துல போயிக் கட்டுனேன். துணி அகலம் பத்தலன்னு ரெண்ட ஒட்டுப் போட்டிருந்தேன், நூல் பிரியக்கூடாதுன்னு ஓரம் மடிச்சு ரெட்டைத் தையல் வேற. சும்மா சுத்துனாப் போதாதா, மரத்துக்கு எதுக்கு ரெட்டைத் தையல்? கை கேக்க மாட்டேங்கு, பழகுன கை. பொறவு மஞ்சளக் கொழைச்சு அப்பி, அதுக்கு மேல குங்குமத்தத் தொட்டேன். பொறந்ததுல இருந்து என் நெத்தியில ஒரு பொட்டு வச்சது கெடையாது, அந்தக் கையால மரத்துக்கு வைக்கேன். வைக்கும்போது எனக்கு வந்த ஆத்திரம் இருக்கே! செத்து நின்ன அந்த நாலையும் பாத்தேன், "இனி இதுல கைய வைக்கவன் கை வெளங்காமப் போவும்"னு சொல்லிட்டேன். மனசுக்குள்ள இல்ல, வாய்விட்டு. குரல் மரத்துல பட்டுத் திரும்ப என் காதுக்கே வந்துது. அந்த ஞாயித்துக்கெழம சர்ச்சுல ராப்போசனத்துக்கு, அப்பம் வாங்க ரெண்டு கையையும் ஏந்தி மண்டி போட்டப்போ பாத்தேன், நகத்தடியில செவப்பு. அப்பம் குடுத்த சர்ச்சு ஐயர் பாத்தாரா இல்லையா தெரியாது. எலுமிச்சம்பழத்த வச்சுத் தேச்சேன், சோப்பு போட்டேன், வெட்டிவிட்ட நகத்துக்கு அடியில இருந்தும் வந்துது. இப்பவும் லேசா இருக்கு, இந்தா, ஆள்காட்டி வெரல்ல. குங்குமமா, இல்ல ஊசி குத்துன ரத்தமா?

மறுநாளே மரத்தடியில ஒரு எலுமிச்சம்பழம். பாத்துட்டு எனக்குச் சிரிப்பாணி அடங்கல, ஜெபராஜக் கூப்பிட்டுக் காட்டுனேன். ஒரு வாரத்துல சூடம் எரிஞ்சுது. பொறவு எவனோ சூலம் நட்டான். அந்தி வந்தா எலை மடங்குகது தூங்குமூஞ்சி மரத்துக்குக் கூடப் பொறந்த குணம், பேரே அதான், பள்ளிக்கூடத்துப் புள்ளைக்குத் தெரியும். ஆனா மஞ்சத்துணி கட்டுன பொறவு அதையே பாத்துட்டு, "அம்மன் கண்ண மூடுதா"ன்னு கன்னத்துல போட்டுக்கிட்டாங்க. கண்மூடி இசக்கின்னு பேரும் விழுந்துட்டு. இசக்கின்னா சும்மாவா? எங்க பக்கம் அந்தப் பேரச் சொன்னா சண்டியரும் வாயப் பொத்துவான். இடுப்புல புள்ளையோட மரத்துல இருக்கவ, கேட்ட வரமும் குடுப்பா, கோவம் வந்தா ரத்தமும் குடிப்பா. சரி, நம்ம மரத்துக்கு ஒரு முரட்டுக் காவல்காரியாப் போச்சுன்னு சந்தோசந்தான் பட்டேன். அந்தத் துளை போட்ட பய வந்து விழுகுத வரைக்கும் சந்தோசந்தான். ஒரு செவ்வாக்கெழம, கடையில உக்காந்து சட்டைப் பித்தான் தொளைக்குக் காஜா தைச்சுக்கிட்டிருந்தேன். ஒருத்தன் மரத்தடியில குப்புற விழுந்து கெடக்கான். "தெரியாமச் செஞ்சிட்டேன் தாயே"ன்னு கதறுதான். எந்திரிச்சான், வலது கையில மாவுக்கட்டு. பைக்குல இருந்து விழுந்துட்டானாம். துளை போட்ட கை அதானாம், அவனே எல்லார்கிட்டயும் சொல்லி அழுதான். ஊசி என் வெரல்ல எறங்குனதுகூடத் தெரியல எனக்கு. "அவன் குடிச்சிட்டு விழுந்தான், நீ எதுக்கு வெளிறிப் போற"ன்னாக ஜெபராஜ். குடிச்சிட்டுத்தான் விழுந்திருப்பான். ஆனா கை வெளங்காமப் போவும்னு சொன்னது யாரு? நான். நான்தானா? அன்னையில இருந்து கண்ண மூடி ஜெபம் பண்ண உக்காந்தா, இமைக்குள்ள மஞ்சளா இருக்கு. மொத இப்பிடி இல்ல, இருட்டாத்தான் இருக்கும்.

அதோட நின்னிருந்தாலும் பரவாயில்ல. உப்பு வந்துட்டே. வினையெல்லாம் உப்பாக் கரையணும்னு உப்பும் மிளகும் அம்மன் கோயில்ல கொட்டுத வழக்கம் உண்டுதான். மொதல்ல இங்க கொண்டாந்து கொட்டுனவ மாரிச்செல்வி. அவ கொட்டுனதப் பாத்து இன்னொருத்தி, அவளப் பாத்து வேறொருத்தி, இப்போ பூங்கா கேட்டுக்குப் பக்கத்துல இருக்க பூக்காரி கல்லுப்பும் மிளகும் பொட்டலமாவே கட்டி விக்கா. அடிமரத்தச் சுத்தி வெள்ளையா, காலு வச்சா நறநறங்குது. இந்தச் சத்தம் எனக்குத் தெரியும். இந்தச் சத்தத்துக்குள்ள பொறந்தவ நான். எங்க அப்பாவும் அம்மையும் தூத்துக்குடிப் பக்கம் உப்பளத்துல உப்புக் கூட்டுத வாரிப்பலகைய இழுத்தவங்க. கண்ணுக்கெட்டுன தூரம் பாத்தி, பாத்தி நெறைய வெள்ளை, அதுல வெயில் பட்டுத் திரும்பி மொகத்துல அறையும். எங்கம்மைக்கு நாப்பது வயசுலயே கண்ணு மங்கிட்டு. நிழலுன்னா தார்ப்பாய் நிழல், அதுவும் சுடும். யம்மா, இங்க ஏம்மா ஒரு மரங்கூட இல்லன்னு கேட்டேன் ஒருநாள். "உப்பு விடாதுட்டி"ன்னா. அம்புட்டுதான் சொன்னா, சொல்லிட்டு வாரிய எடுத்துக்கிட்டுப் போயிட்டா. கல்யாணமாயி இந்த வீட்டுக்கு வந்த அன்னைக்கு, மாலையும் கழுத்துமா ஜன்னலத் தொறந்தேன், எதுத்தாப்புல இந்த மரம். விருந்தாள் எல்லாரும் சாப்பிட்டுக்கிட்டு இருக்கும்போது நான் மட்டும் ரோட்டத் தாண்டி வந்து இதுக்கு அடியில சும்மா நின்னேன். தலையில, தோள்ல, கையில எல்லாம் நெழலு. என்ன அழுகை வந்துதுன்னு நெனைக்கிய! புதுப்பொண்ணு அழுததப் பாத்துட்டு மாமியார் வீட்டுல என்ன கொடுமையோன்னு ஊரு பேசுச்சு. அந்த மரம். அதுக்கு அடியில இப்ப உப்பு. நான் ஊர விட்டு வந்தேன், கடலு காத்த விட்டு வந்தேன், எங்கம்மையப் பொதைச்சிட்டு வந்தேன், அது மோப்பம் புடிச்சு என் வாசல் வரைக்கும் வந்துட்டு. அதுக்கு வழிகாட்டுன துணியும் என் துணி.

யாரு? யாரோ பியூலான்னு கூப்பிட்டாங்க. பின்னால யாருமில்ல. வேலி ஓரமா அந்த நாலு மரமுந்தான். எங்கம்ம கூப்பிடுதது மாதிரி இருந்துது, 'லா'வ இழுத்து. சவம், காத்தா இருக்கும். காத்து எங்க அடிக்கு? ஒரு எலகூட அசையல. இந்தா, மடியில ஒரு எல விழுந்து கெடக்கு, ஓரம் பழுப்பு, நடுவுல மட்டும் பச்சை. பச்சை இருக்கு, இன்னும் பச்சை இருக்கு, இப்ப நிறுத்துனா பொழைச்சுக்கும். தண்ணிய விட்டு விட்டு மண்ணக் கழுவணும். நானும் விடியமுன்ன வந்து உப்ப அள்ளித்தான் பாத்தேன், அள்ள அள்ள சாயங்காலம் அதவிடக் கூடுதலா விழுது, அள்ளுனதப் பாத்துட்டு "அம்மன் உப்பத் தின்னுட்டா"ன்னு இன்னும் ரெண்டு மடங்கு கொட்டுதாளுவ. சொல்லிரணும். சொன்னா என்னாகும்? துணி அவுந்துரும். துணி அவுந்தா அந்தப் பயலுக்குக் கையில கட்டுப் பிரிச்சாச்சு, டிரில் மிஷினத் தூக்கிட்டு மறுநாளே வருவான். சொல்லலேன்னா உப்பு. அங்கிட்டுப் போனா ஆசிட்டு, இங்கிட்டு நின்னா உப்பு. இதுக்கு நடுவுல மாரிச்செல்வி மூஞ்சி வேற. அஞ்சு வயசாச்சு அவ மகளுக்கு, தன்ஷிகான்னு பேரு. ஒரு வார்த்த பேசாது. கூப்பிட்டாத் திரும்பும், சொன்னாப் புரியும், காது நல்லாருக்கு தொண்டை நல்லாருக்குன்னு பெரியாஸ்பத்திரியில சொல்லிட்டாங்களாம். மெட்ராசு வரைக்கும் கூட்டிட்டுப் போனா. மாமியாக்காரி ஊமைச்சியப் பெத்தவன்னு நாக்கப் புடுங்குதது மாதிரி கேப்பாளாம். என் கடையில அளவு குடுக்க நிக்கும்போது சொல்லி அழுவா, அளவெடுக்க விடாம தோள் குலுங்கும். இங்க வர ஆரம்பிச்ச பொறவுதான் அவ சிரிச்சே பாத்தேன். அவகிட்ட போயி லைனிங் துணின்னு சொல்லணும். சொல்லிருவேன். மரம் செத்துரும்ட்டி. சொல்லித்தான் ஆகணும். ஏட்டி மாரிச்செல்வி, கோவப்படாமக் கேளு. இல்ல, அப்பிடி ஆரம்பிக்கக் கூடாது. மாரிச்செல்வி, நான் ஒன் அக்கா மாதிரி. ச்சை, அதுவும் இல்ல. நாக்கெல்லாம் கரிக்கி எனக்கு. உதட்டுல வேர்வை.

ஆட்டோ சத்தம். வந்துட்டா. ஆட்டோக்காரன் மூட்டையத் தூக்கியாந்து மரத்தடியில பொத்துன்னு போடுதான். மாரிச்செல்வி தலைக்குக் குளிச்சு மஞ்சச் சேலை கட்டியிருக்கா, புள்ளைய இடுப்புல வச்சிருக்கா, கூந்தல் ஈரம் சொட்டுது. இடுப்புல புள்ளையோட அந்த மரத்துக்கு அடியில அவ நிக்கதப் பாத்ததும் எனக்கு ஒடம்பு ஒருதரம் சிலுத்துட்டு. சீ, மாரிச்செல்வில்லா அது! பிளவுஸுக்குக் கை இறுக்கமா வச்சிட்டீங்கன்னு போன மாசம் என்கிட்டச் சண்டை போட்டவ. எந்திரிச்சுப் போனேன். "வந்துட்டீகளாக்கா"ன்னு சிரிச்சா. "மூட்டையப் பிரிக்காத மாரிச்செல்வி, ஒரு வார்த்த கேளு"ன்னேன். "சொல்லுங்கக்கா." சொல்லிட்டேன். சொல்லியே போட்டேன். "இந்தத் துணி நான் கட்டுனது. என் கடைத் துணி. குங்குமமும் நாந்தான் பூசுனேன். மரத்த எவனும் கொன்னுரக் கூடாதுன்னு செஞ்சேன். இதுல சாமி கெடையாதுட்டி." அழுவான்னு பாத்தேன், அடிப்பான்னு பாத்தேன். அவ சிரிச்சுக்கிட்டேதான் நிக்கா. "தெரியும்க்கா"ங்கா. "என்னட்டி தெரியும்?" "ஒங்க தையல் எனக்குத் தெரியாதா? ஓரத்துல ரெட்டைத் தையல், என் பிளவுஸுக்குப் போடுத அதே தையல். மொத நாளே கண்டுபுடிச்சிட்டேன். அதப் பாத்துத்தானக்கா இங்க வரவே ஆரம்பிச்சேன். பொட்டு வைக்காத வேதக்காரி நீங்க, கோயில் வாசல மிதிக்காதவுக. ஒங்களப் போயி எழுப்பி, எனக்குத் துணி கட்டு, குங்குமம் வையின்னு இவ செய்ய வச்சிருக்கான்னா, எம்புட்டுத் துடியான சாமியா இருக்கணும்!" "உப்பு மரத்தக் கொல்லுதுட்டி, எலையப் பாரு, கருகிட்டுல்லா"ன்னேன். அவ அண்ணாந்து எலையப் பாத்தா, பாத்தவளுக்குக் கண்ணு கலங்கிட்டு. "எம்புள்ள வினைய அவ இழுத்துக்கிடுதாக்கா. எம்புள்ளைக்காக அவ வேகுதா." புள்ளையக் கீழ எறக்கிவிட்டுட்டு மூட்டை வாயில கெடந்த தையலப் பிரிக்கக் குனிஞ்சிட்டா. பொம்பளைக கூடிட்டாங்க, பூக்காரி பூக்கூடைய விட்டுட்டு வந்து நிக்கா. நான் என்ன செய்ய? மூட்டை மேல ஏறி உக்காரவா? பேச்சிமுத்தக் கூப்பிடவா? நூலு சர்ருன்னு பிரியுது, எனக்குத் தெரியாத சத்தமா அது, ஒரு முனைய இழுத்தா முழுசும் வந்துரும்.

மனுசி சொன்னா கேக்க மாட்டா. சாமி சொன்னாக் கேப்பா. இந்த நெனப்பு எங்க இருந்து வந்துதுன்னு தெரியாது, வந்துட்டு. சின்னப் புள்ளையில எங்க தெருவுக்கு அடுத்த தெருவுல அம்மன் கோயில் கொடைத் திருவிழா நடக்கும், எங்கம்ம ஜன்னலச் சாத்திருவா, நான் பலகை இடுக்கு வழியாப் பாப்பேன். ஒரு பொம்பள தலைய விரிச்சுப்போட்டு ஆடுவா, சுத்தி நிக்க ஆம்பளைகல்லாம் கைகட்டிக் கேப்பாங்க. அது மாதிரித்தான். கொஞ்ச நேரந்தான். நடிப்புதான் ஆண்டவரே, நீரு பாத்துக்கிட்டுத்தான இருக்கீரு, ஒரு மரத்துக்காக ஒரு நடிப்பு, மன்னிச்சுக்கிடும். கொண்டையில இருந்த ஊசிய உருவுனேன். தலையக் குலுக்குனேன். ஆங்காரமா ஒரு சத்தம் போடணும்னு வாயத் தொறந்தேன், நான் நெனச்சதவிடப் பெருசா வந்துது. "எனக்கு உப்பு வேண்டாம்ட்டி!" மாரிச்செல்வி கை அப்பிடியே நின்னுட்டு. "உப்பக் கொட்டிக் கொட்டி என்னைய வேக வைக்கியளே! வேரெல்லாம் காந்துதுட்டி! தண்ணி கொண்டாங்க! கொடங்கொடமாத் தண்ணி கொண்டாங்கட்டி!" காந்துதுன்னு சொல்லணும்னு நான் நெனைக்கவே இல்ல. உப்பு வேண்டாம், தண்ணி ஊத்து, இந்த ரெண்டுதான் நெனச்சு வச்சிருந்தேன். ஆனா உள்ளங்காலு ரெண்டும் நெசமாவே எரியுது, செருப்பு எங்க போச்சு, வெறுங்காலோட உப்பு மேல நிக்கேன். பொம்பளைக குலவை போடுதாங்க. குலவைச் சத்தம் இம்புட்டுக் கிட்டத்துல நான் கேட்டதே இல்ல. பேச்சிமுத்து, கேட்டப் பூட்டத்தான் சம்பளம்னு சொன்ன அந்த மனுசன், குழாய இழுத்துக்கிட்டு ஓடியாரான். கூடியிருந்த அம்புட்டுப் பேரும் குனிஞ்சு, கையால, முந்தானையால உப்ப அள்ளி ரோட்டுப் பக்கம் கொண்டு போறாங்க. மூட்டைய இழுத்து வேலியோரம் தள்ளிட்டாங்க. தண்ணி விழுது. மண்ணு கரைஞ்சு வெள்ளையா ஓடுது, வேரு கறுப்பாத் தெரியுது. "சூடம் அடியில கொளுத்தாதிய! எம்மேல ஆணி அடிக்காதிய! அந்தத் தகரத்தப் புடுங்கி எறிங்க!" புடுங்கிட்டான் பேச்சிமுத்து, எம்புட்டு வெரசாப் புடுங்குதான்! மயிருக்கு இடையில எல்லாத்தையும் பாக்கேன். பொழைச்சிட்டு. என் மரம் பொழைச்சிட்டு. சிரிக்கணும் போல இருக்கு. போதும், இனி நிறுத்தணும், மயங்கி விழுகது மாதிரி விழுந்துட்டா எல்லாம் முடிஞ்சிரும். முழங்காலு மடங்க மாட்டேங்கு. தலை தன்னால ஆடுது. நிறுத்துட்டி பியூலா.

அப்பதான் மாரிச்செல்வி வந்து என் முன்னால மண்டி போட்டா. சேறும் தண்ணியுமா கெடக்க எடத்துல புள்ளையக் கொண்டாந்து நிறுத்துனா. "தாயே, ஒன் வாக்குக்குக் கட்டுப்பட்டுட்டேன். இனி உப்பத் தொட மாட்டேன், தெனமும் தண்ணி ஊத்துதேன். நீ எனக்கு ஒண்ணே ஒண்ணு சொல்லு தாயே. எம்புள்ள எப்ப பேசும்?" குலவை நின்னுட்டு. குழாத் தண்ணிச் சத்தம் மட்டுந்தான். எல்லாரும் என்னையே பாக்காங்க. எனக்கு என்ன தெரியும்? நான் டெய்லர். தெரியாதுன்னு சொல்லிரவா? தெரியாதுன்னு சொன்னா அது பியூலா, பியூலா பேச்சுக்கு இங்க என்ன மதிப்புன்னு இப்பதான பாத்தேன். வேலியோரம் அந்த மூட்டை வாய் பொளந்து கெடக்கு. "ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போட்டி"ன்னேன், குரல எறக்கி. "எல்லாத்துக்கும் போயாச்சு தாயே, எல்லாரும் கைய விரிச்சிட்டாங்க. ஒன்ன விட்டா எனக்கு யாரு? எப்பன்னு மட்டும் சொல்லு, நான் பொறுத்துக்கிடுதேன், யாரு என்ன சொன்னாலும் பொறுத்துக்கிடுதேன்." காலப் புடிச்சிட்டா. அவ கை சூடா இருந்துது. வேற எதையாவது சொல்லு, பொறுமையா இருன்னு சொல்லு, வேண்டிக்கோன்னு சொல்லு, வாய மூடிட்டு விழுந்திரு பியூலா. "தையில பேசுவா"ன்னு சொன்னேன். சொன்னது நாந்தான். வாய் என் வாய்தான். மாரிச்செல்வி ஓன்னு அழுதா, அழுதுக்கிட்டே சிரிச்சா, புள்ளைய அள்ளி மாத்தி மாத்தி முத்தங் குடுத்தா. "கேட்டியாட்டி செல்லம், தையில பேசிருவியாம்! இன்னும் ரெண்டே மாசம், அம்மான்னு கூப்பிட்டுருவியாம்!" மறுபடியும் குலவை எந்திரிச்சுது. பூக்காரி முண்டியடிச்சு வந்து, தாயே, எம்மவனுக்கு ஒரு வாக்குன்னு உக்காந்தா, அவளுக்குப் பின்னால இன்னொருத்தி. தன்ஷிகா அவ அம்மையப் பாக்கல, மரத்தப் பாக்கல. கண்ணக்கூடச் சிமிட்டாம என் வாயையே பாத்துக்கிட்டு இருந்தா.